உன் அப்பா போட்டு வைத்த மொய்

இளங்கோ,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். சென்னை வேலை உனக்கு ஒத்துவராது, விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று சொன்னேன், வந்தாய். வந்த இடத்தில் வருஷம் திரும்புவதற்குள் முழி பிதுங்கும் என்று சொன்னேன், பிதுங்கியது. சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுவாய், ஆனால் ஏறமாட்டாய் என்றேன், ஏறவில்லை. பிறப்பது பெண் குழந்தைதான் என்றும் ஊரறியச் சொன்னேன். "ஆம்பளப் புள்ளைன்னுல்ல பந்தயம் கட்டுனீங்க" என்று உன் சித்தி இப்போது அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். அவளுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்தான். ஏழாம் வகுப்பு வாத்தியார் வீடு தேடி வந்து, "இவன் வந்தா நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் நின்றேன். ஆகவே இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அந்த வாத்தியாரைத் திட்டிக்கொள்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தென்னந்தோப்புதான். வாயால் கூப்பிட்டாலே கேட்கும். நான் வாடகைக்கு விடும் மைக் செட்டில் கூப்பிட்டால் திருவரங்குளம் கோயில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பும். இருந்தும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் நீ குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தாய். ஆடி பிறக்கப் போகிறதே என்று நான் ஒலிபெருக்கிக் குழாய்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் ஏஜென்ட் மறுபடி போன் பண்ணினார் என்றும், நான் வரவில்லை, இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றும் சாதாரணமாகச் சொன்னாய். உனக்கு அது சாதாரணம். எனக்குத் தலையிலிருந்து ஒரு நெல் மூட்டையை யாரோ பின்னால் வந்து இறக்கியது போல இருந்தது. காட்டிக்கொள்ளாமல், "எனக்குத் தெரியும்" என்றேன். நீ சிரித்தாய். அப்புறம் கிளம்பும்போது குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே ஒன்று கேட்டாய். "அப்பா எனக்கு மொய் போட்டு வச்சுட்டுப் போயிருந்தாரு, அதுல நான் தப்பிச்சேன். இவளுக்கு யாரு சித்தப்பா போட்டு வச்சிருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. என் ஆயுசில் எனக்குப் பதில் வராமல் போனது அதுதான் முதல் தடவை. நீ போன பிறகும் நான் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்து உன் சித்தி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றதும் இன்னும் பயந்துவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். நானும் இரண்டு சேர்த்துச் சொல்வேன். காகிதத்தில் சேர்த்து எழுதினால் கை வலிக்கும். அதனால் இதில் உண்மைதான் வரும்.

நீ சென்னையிலிருந்த காலத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து ஒரே பாட்டைப் பாடுவாய். "இன்னும் ரெண்டு வருஷம் சித்தப்பா. கொஞ்சம் சேத்துட்டா ஊருக்கு வந்து செவனேன்னு இருந்துருவேன்." அடுத்த பொங்கலுக்கும் அதே இரண்டு வருஷம்தான். வெயிலில் தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தெரியும் பார், கிட்டப் போனால் அது அங்கிட்டு நகர்ந்து நிற்கும். அந்தத் தண்ணீரைப் போல உன் இரண்டு வருஷம் முன்னால் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் ஆபீஸ் லிஃப்டுக்குள் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்துவிட்டாய். படிப்புக் கடனை மட்டும் அடைத்துவிட்டு, சேர்த்தும் சேர்க்காமலும் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நீ சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது.

"எளிமையா, அமைதியா இருக்கப் போறோம் சித்தப்பா."

"ரொம்ப நல்லது. அதுக்கு எவ்வளவு வச்சிருக்க?"

"அதுக்கு எதுக்குப் பணம்?"

"ஏப்பா, ஆடம்பரமா இருக்கணும்னா ஊருல கடன் குடுப்பாங்க. எளிமையா இருக்கேன்னு போய்க் கேளு, ஒருத்தனும் குடுக்கமாட்டான். அதுக்கு ரொக்கமாத்தான் கட்டணும்."

செல்வி அன்று வாய்விட்டுச் சிரித்தாள். திருச்சி டவுனில் பிறந்த மருமகள், என் பேச்சு அவளுக்குப் புதுசு. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நான் சொன்னது கிண்டல் இல்லை என்பது உனக்குப் பிறகு தெரிந்தது. எளிமைக்கென்று நீ வாங்கிய மண்சட்டி, பித்தளைச் சட்டியை விட விலை. மரச்செக்கு எண்ணெய் வாங்கிய காசுக்கு என் வீட்டில் ஒரு மாதம் பலகாரம் சுட்டிருப்போம். இருந்தாலும் குறை சொல்லமாட்டேன். அப்பாவின் அந்தத் துண்டு நிலத்தில் பந்தல் வலை கட்டி, பலாக் கன்றும் நெல்லிக் கன்றும் போட்டு நர்சரி ஆரம்பித்தபோது, இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு நர்சரி கிடையாது என்று நான் எல்லாக் கல்யாண வீட்டு மைக்கிலும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். நான் நிறுத்தவில்லை.

முதல் வருஷம் ஓடியது. ஊரே சொன்னது, "இளங்கோ வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்று. எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. ஏன் என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். மைக் செட்டில் எர்த் என்று ஒன்று உண்டு. ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து, அதில் ஒயரை முறுக்கி, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால் குழாயில் 'உர்ர்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு ஓடும்போது தெரியாது. யாராவது பேசும்போதும் தெரியாது. பேசுகிறவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்துவார் பார், அப்போது கேட்கும். சத்தம் குறையக் குறைய அந்த இரைச்சல் பெரிதாகும். என் செட்டில் அது வந்ததே கிடையாது. ஒருமுறை நம் கலெக்டரே ரோட்டில் காரை நிறுத்தி இறங்கி, என் குழாயின் சுத்தத்தை நின்று கேட்டுவிட்டுப் போனார். உன் வீட்டில் அந்த இரைச்சல் இருந்தது. சென்னையில் இருந்தவரைக்கும் டிராபிக், ஆபீஸ், டிவி என்று ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் உனக்குக் கேட்கவில்லை. இங்கே வந்து எல்லாவற்றையும் நிறுத்தினாயா, அது மட்டும் தனியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கோடையில் போர்வெல் மோட்டார் புகைந்து நின்றது. கன்றெல்லாம் தலை தொங்கிவிட்டது. நீயும் செல்வியும் ரோட்டுக்கு எதிரே கருப்பையா அண்ணன் பம்பு செட்டிலிருந்து குடம் குடமாகத் தூக்கினீர்கள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். கருப்பையா அண்ணன் நல்ல மனுஷன், தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதவர். ஆனால் அவர் நாக்குக்கு எலும்பு கிடையாது. "ஏப்பா எஞ்சினியரு, நாலு வருஷப் படிப்புல மோட்டாரப் பத்தி ஒரு பாடம்கூடவா வைக்கல?" என்று தினமும் கேட்டார். நீ ஒருநாளும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆடியில் ஒருநாள் நீ இல்லாதபோது நான் வந்தேன். செல்வி படியில் உட்கார்ந்து காலை நீட்டிப் போட்டிருந்தாள். கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கிக் கிடந்தன.

"என்ன ஆத்தா, ஸ்கேனுக்குப் போனியா?"

"வலி இல்ல மாமா. அதான் போகல."

"இளங்கோ என்ன சொன்னான்?"

"எதச் சொன்னாலும் சரிங்கிறாங்க மாமா. நானும் சரிங்கிறேன். சத்தமா ஒரு சண்டை போட்டாக்கூட நல்லா இருக்கும். காசப் பத்திப் பேச்சு வந்துரும்னு ரெண்டு பேரும் பேசுறதே இல்ல."

வலி இல்லை என்றாளே, அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. ஏன் என்று உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை. உன் அப்பா பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார் அல்லவா. டிக்கெட் டிக்கெட் என்றுகூட உரக்கச் சொல்லமாட்டார். பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார், ஆட்கள் தாங்களாகவே காசை எடுப்பார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்த வீட்டில் பேச்சையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன், மிச்சம் அவருக்கு. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவருக்கு வயிற்று வலி வந்தது. புதுக்கோட்டையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே ஒரு நர்ஸ் யாரிடமோ, அட்மிஷனுக்கு முன்பணம் கட்டணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உன் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வலி விட்டுருச்சுடா" என்றார். என் சட்டைப் பையையும் எனக்குத் தெரியும், அவர் பையையும் எனக்குத் தெரியும். "அப்படியா, நல்லதுண்ணே" என்றேன். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினோம். அவர் தின்ற மாதிரி காட்டிவிட்டு மடித்து உனக்கென்று எடுத்துக்கொண்டார். அங்கிருந்து வீடு வரைக்கும் இரண்டு பேரும் ரொம்ப அமைதியாக வந்தோம். அவர் போன பிறகு, அந்த வருத்தத்தோடு உன் அம்மாவும் போன பிறகு, ஊரில் எல்லாரும், "அமைதியா வாழ்ந்த மனுஷன்" என்றார்கள். அது அமைதி இல்லை தம்பி. வாய் அடைத்துப்போவது வேறு, அமைதி வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பணமே இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களை நான் மேடைக்கு மேடை பார்த்திருக்கிறேன். என் மைக்கில்தான் பேசுவார்கள். பேசி முடித்ததும் காரில் ஏறிப் போவார்கள். பணம் இருந்தால்தான் நிம்மதி என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கூட்டம் முடிகிறவரைக்கும் உட்கார நேரம் இருக்காது. நான் இரண்டு பேருக்கும் ஒரே வாடகைதான் வாங்கினேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்த வீட்டில் வலி வந்தால் வலி என்று சொல்ல முடிகிறதோ அந்த வீட்டில் போதுமான அளவு இருக்கிறது. சொல்ல முடியாத வீட்டில் மெத்தைக்கு அடியில் தங்கமே இருந்தாலும் போதாது.

செல்வியிடம் பேசிய அன்றைக்குச் சாயங்காலமே, உன் வீட்டுத் திண்ணையில் வைத்து, நீ சிங்கப்பூர் சேதியைச் சொன்னாய். ஏஜென்ட் கூப்பிடுகிறார், பிரசவத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும், இரண்டு வருஷம் இருந்து சேர்த்துவிட்டு வந்து பிறகு அமைதியாக இருந்துகொள்கிறேன் என்றாய். மறுபடி அதே இரண்டு வருஷம். பிள்ளைத்தாச்சிப் பெண்ணை வீங்கிய காலோடு விட்டுவிட்டு, அமைதியைத் தேடிக் கடல் தாண்டுகிறேன் என்கிறாயே என்று எனக்கு வந்த கோபத்துக்கு ஆம்ப்ளிஃபயரே வெடித்திருக்கும். அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"மொய் விருந்து வையி."

உன் முகம் சுருங்கிப்போனது. "கறிச்சோறு போட்டுக் காசு வாங்கச் சொல்றீங்களா? அதுக்கு ஒரு தட்ட எடுத்துக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிறேன்."

"போட்டதத் திரும்ப வாங்குறதுக்கு எதுக்குடா தட்டு?"

"நான் யாருக்குப் போட்டேன்?"

"நீ போடல. ஒங்க அப்பா போட்டுருக்காரு."

செல்வி காபித் தம்ளரோடு வந்து நின்று, "அப்படின்னா என்ன மாமா?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் விளக்கிச் சொன்னேன், நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய். "இங்கிட்டு எங்க பக்கம் ஆடி, ஆவணியில ஒருத்தர் கறி விருந்து வைப்பாரு ஆத்தா. போறவங்கல்லாம் சாப்பிட்டு மொய் எழுதுவாங்க. அவங்கவங்க முறை வந்து விருந்து வைக்கிறப்ப, வாங்குனவரு அதோட கொஞ்சம் கூட்டி எழுதணும். ஒரு ஆளுக்குச் சில வருஷத்துக்கு ஒருக்காத்தான் முறை வரும். அதுவரைக்கும் அவரு காசு ஊருல நாலு வீட்டுல நடமாடிக்கிட்டு இருக்கும். ஒரு வீட்டுல ஏர் ஓட்டும், ஒரு வீட்டுல கல்யாணம் பண்ணும். திருப்பி எழுதாதவன் இந்த ஊருல தலை நிமிந்து டீக்கடைக்கு வர முடியாது." உன் அப்பா கையில் வைத்திருக்கவில்லை, ஊரில் போட்டு வைத்திருந்தார் என்று சொன்னேன். அவருடைய முறை வருவதற்குள் போய்விட்டார், துக்க வீட்டில் விருந்து வைக்கக் கூடாது என்று அப்படியே நின்றுவிட்டது, அன்றிலிருந்து அது ஊருக்குள் கிடக்கிறது என்றேன்.

"எழுதுன நோட்டு எங்க?" என்றாய். படித்தவன் அல்லவா.

"கரையான் தின்னுருச்சு. நோட்டு எதுக்கு? எந்த விருந்துல யாரு எழுதுனாலும் மைக்குல பேரச் சொன்னது நாந்தானே. எல்லாம் தலைக்குள்ள இருக்கு."

நீ "அப்பா போட்டதா?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் குரலில் நீ எட்டாம் வகுப்புப் பையனாகிவிட்டாய். "அவரு போட்டதுதான்" என்றேன். "சரி சித்தப்பா" என்றாய். முன்னே செல்வியிடம் சொல்லும் 'சரி' இல்லை அது.

ஆவணியில் வைத்தோம். பத்திரிகை கொடுக்க வீடு வீடாக நான்தான் போனேன். நீயும் வருகிறேன் என்றாய். விருந்து வைக்கிறவன் வெயிலில் அலைந்தால் முகம் கறுத்துவிடும், போட்டோ நன்றாக விழாது என்று சொல்லி உன்னை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை செய்தார்கள். என் செல்வாக்கு உனக்குத் தெரிந்ததுதானே. பந்தலும் செட்டும் நானே போட்டேன். குழம்பு கொதித்த வாசனை ஆலங்குடி வரை போய், இரண்டு டவுன் பஸ் வழி மாறி நம் ஊருக்குள் வந்துவிட்டது. உன் சித்தி மட்டும் அன்று கறி சாப்பிடவில்லை. ஏதோ விரதம். ஒரு வாரமாக என்னோடு பேசாத விரதமும் அதில் சேர்த்தி.

மொய் எழுதும் மேசையில் நீ வெள்ளைச் சட்டையோடு, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொருவராக வந்தார்கள். எழுதினார்கள். வயசுப் பையன்கள் போனில் ஸ்கேன் பண்ணிப் போட்டார்கள். எழுதி முடித்துத் திரும்பும்போது எல்லாரும் மைக் பக்கம் பார்த்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் அன்று கட்டியிருந்த பட்டுக் கரை வேட்டி அப்படி. கருப்பையா அண்ணன் வந்தார். பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தவர், மனசு நிறைந்திருந்தார். மேசையில் குனிந்து எழுதிவிட்டு உன் தோளில் கை வைத்து, "தம்பி, இதெல்லாம் யாரு காசு தெரியுமா ஒனக்கு" என்று ஆரம்பித்தார். நான் மைக்கை எடுத்தேன். "கருப்பையா அண்ணன் அவர்கள் உடனே வரவும், உங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டில் ஓடுகிறது, உங்கள் மாடு ரோட்டில் ஓடுகிறது" என்று அறிவித்தேன். அந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாதி ரோடு போன பிறகுதான் மாட்டைத் தை மாதமே விற்றுவிட்டது ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பி வந்து, "டேய் குழாய்க்காரா, ஒன் வாய் வெந்துபோக" என்று பந்தல் முழுக்கத் திட்டினார். எதற்கு அப்படிச் செய்தேன் என்று நீ கேட்டாய். அவர் விட்டால் உன் அப்பாவைப் பற்றிப் பேசி உன்னை மேசையிலேயே அழவைத்திருப்பார் என்றேன். அன்று ஊரில் வாயைத் திறந்த எல்லாருக்கும் நான் ஏதாவது ஒரு மாட்டை அவிழ்த்துவிட வேண்டியிருந்தது.

வந்தது பெரிய புதையல் இல்லை. மோட்டார் புதிதாக வந்தது. ஸ்கேன் பார்த்தார்கள், காலில் இருந்தது உப்பு நீர், ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, தண்ணீர் தூக்காமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கஷ்டம் என்று செல்வியிடம் அவர் சொன்னதை நீ வந்து எனக்குச் சொன்னாய். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. மிச்சம் கொஞ்சம் பேங்கில் கிடக்கிறது, அது ஒரு கெட்ட மழைக்குத் தாங்கும், இரண்டாவது மழைக்குத் தாங்காது. கணக்குப் பார்த்தால் சென்னையில் நீ சேர்த்தால் போதும் என்று சொன்னாயே, அதன் பக்கத்தில்கூட இது வராது. இருந்தும் இப்போது உன் வீட்டில் என்ன நடக்கிறது? போன வாரம் நெல்லிக் கன்றைத் தெற்கே வைப்பதா வடக்கே வைப்பதா என்று நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை தோப்பைத் தாண்டி என் கொட்டகை வரை கேட்டது. "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று செல்வி கத்தினாள். "நீதான் அக்ரி காலேஜுல படிச்சியாக்கும்" என்று நீ கத்தினாய். குழந்தை இரண்டு பேரையும் விட உரக்கக் கத்தினாள்; அவள் என் வம்சம். நானும் உன் சித்தியும் சோற்றை வைத்துக்கொண்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தோம். சினிமாப் பாட்டுக் கேட்பது போல இருந்தது. நிம்மதி வந்த வீட்டில்தான் மனுஷனால் இப்படிச் சத்தமாகச் சண்டை போட முடியும். இரைச்சல் நின்றுவிட்டது தம்பி. எனக்கு அது போதும்.

இந்த ஆடியில் பத்திரிகைகள் வரும். ஒன்று விடாமல் போ. செல்வியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்து இலையை வழித்துச் சாப்பிடு. உன்னால் முடிந்ததை எழுது. எழுதும்போது இது நாளைக்கு நமக்கு உதவும் என்று நினைக்காதே, இன்றைக்கு அந்த வீட்டில் ஒரு மோட்டார் ஓடும் என்று நினை. நர்சரிக் கடன், பேங்கு வட்டி, பிள்ளையின் படிப்பு என்று நீ கவலைப்படுவதை நான் தடுக்கமாட்டேன். பிள்ளைக்கென்று கொஞ்சம் எடுத்து வை, அது தகப்பன் கடமை. ஆனால் முழுசாகச் சேர்த்த பிறகுதான் மூச்சு விடுவேன் என்று மறுபடி லிஃப்டுக்குள் போய் உட்காராதே. வலி வந்தால் வலி என்று சொல். அதை உன் பெண்ணுக்கும் சொல்லிக் கொடு. நம் வீட்டில் அது யாருக்கும் தெரியாத பாடம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் சித்தி இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, கலெக்டர் காரை நிறுத்தியது டயர் பஞ்சர் ஆனதால்தானே என்கிறாள். இருக்கட்டும், நிறுத்தினாரா இல்லையா? பஸ் வழி மாறியதும் ரோட்டில் குழாய் பதித்ததால் என்கிறாள். வந்ததா இல்லையா? ஏழாம் வகுப்பு வாத்தியார் விஷயத்தை அவள் பேச்சுக்கே விட்டுவிடுகிறேன். இதெல்லாம் சாதத்தில் விடும் நெய், சாதத்தை அது மாற்றாது. இதில் முழுக்க நானே இட்டுக்கட்டியது ஒன்றே ஒன்றுதான். கடிதத்தில் உண்மைதான் வரும் என்று மேலே எழுதிவிட்டேன், அதனால் அதையும் எழுதிவிட வேண்டியிருக்கிறது.

உன் அப்பா இந்த ஊரில் ஒருவருக்கும் மொய் போட்டதில்லை. போட அவரிடம் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. கரையான் தின்ன நோட்டும் இல்லை. அந்த ஆவணி என்னுடைய முறை. புது ஜெனரேட்டரும் புது செட்டும் வாங்கலாம் என்று உன் சித்தியும் நானும் பேசி வைத்திருந்தது. பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம், எனக்கு எழுத வேண்டியதை அவன் பேரில் எழுதுங்கள், கேட்டால் அண்ணன் போட்டது என்று சொல்லுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். ஒரு ரகசியத்தையும் காப்பாற்றத் தெரியாத இந்த ஊர் இதை மட்டும் காப்பாற்றியது. நான் கொடுத்தால் நீ வாங்கியிருக்க மாட்டாய். அப்பா கொடுத்தால் வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். இதையும் நான் அப்போதே சொன்னேன், உன் சித்தியிடம் கேட்டுப் பார்.

இவளுக்கு யார் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். உனக்கும் யாரும் போட்டு வைத்திருக்கவில்லை தம்பி. வலி வந்த அன்றைக்குத்தான் ஒருத்தர் போடுவார், இவளுக்கும் அப்படித்தான். செல்வி படியில் உட்கார்ந்துகொண்டு வலி இல்லை மாமா என்றாளே, அன்றைக்குச் சாயங்காலம்தான் உன் அப்பா போட்டார்.

சித்தப்பா